சுகர், பிரஷர் மாத்திரை வரிசையைப் பிரித்த அனுபவம்: கிடங்கிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பியது உட்பட

மருந்துக் கிடங்கு வரை வாடகை வண்டி எடுத்துப்போய், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையில் ஒரு பெட்டிகூட ஏற்றாமல் திரும்பி வந்தோம். கூடுதல் மருந்து கேட்டு நாங்கள் கொடுத்த இன்டென்ட்டை (தேவைப் பட்டியலை) ஏற்காததற்குக் கிடங்கில் சொன்ன காரணம், "உங்கள் நிலையத்தில் இருப்பு போதுமான அளவு உள்ளது." அலமாரியில் இருந்ததோ நான்கு நாளைக்கான மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் நோயாளிகளின் வரிசையைப் பிரிக்க நினைப்பவர்கள் முதலில் மருந்துக் கணக்கைச் சரிபாருங்கள். டோக்கன், நாற்காலி, அறிவிப்புப் பலகை எல்லாம் அப்புறம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

செய்ய நினைத்த மாற்றம் சிறியதுதான். நோய் கட்டுக்குள் இருப்பவர் மாத்திரைக்காக மட்டும் மருத்துவர் வரிசையில் நிற்க வேண்டாம். 30 நாள் மாத்திரை துணை சுகாதார நிலையத்திலோ, வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டிலோ கிடைக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே வீட்டுக்கு மாத்திரை போகிறது. அப்படியும் எங்கள் ஓபி (புறநோயாளிகள்) வரிசை குறையவில்லை. ஏன் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் முதல் தவறு.

எண்ணாமலே டோக்கன் கொடுக்க ஆரம்பித்தோம். ஒன்பது மணிக்கு வந்தவர்கள் டோக்கனுக்காக ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தார்கள். டோக்கன் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லும், வேலையைக் குறைக்காது. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு, ஓபி சீட்டு போடும் இடத்தில் ஒரு தாள் ஒட்டினோம். மாத்திரைக்கு மட்டும் வந்தவர், காய்ச்சல் சளி, கர்ப்பிணி, கட்டு அல்லது ஊசி, மற்றவை என ஐந்து கட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, மணிவாரியாக. ஆறு வேலைநாள் போட்டால் போதும். இரண்டு விஷயம் தெரிந்தது. காலை நெரிசலில் பெரும் பங்கு மாத்திரைக்கு மட்டும் வந்தவர்கள். கூட்டம் ஏறி இறங்குவது டவுன் பஸ் வரும் நேரத்தை ஒட்டி. பஸ் நேரத்தைப் பார்க்காமல் யாருக்கும் "பத்தரைக்கு வாங்க" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இங்கேதான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டோம். நிலையத்தில் ஒரு பதிவேடு, கிராம சுகாதார செவிலியரிடம் ஒன்று, வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் ஒன்று. ஒரே அம்மா ஒன்றில் அப்பா பெயர் இனிஷியலோடும், இன்னொன்றில் கணவர் பெயர் இனிஷியலோடும் இருப்பார். கைபேசி எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கியது பெரிய பிழை. கணவன் மனைவி இருவருக்கும் பேரனின் எண்தான் கொடுக்கப்பட்டிருந்தது; இருவரும் நோயாளிகள்; ஒருவரை "இரட்டைப் பதிவு" என்று நாங்களே அழித்துவிட்டோம். மாத்திரை வராமல் அவர் கேட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. பட்டியலை ஊர், தெரு, வீடு என்ற வரிசையில் அடுக்கி, தன்னார்வலரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். "இவங்க போன வருஷமே மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்ற தகவல் எந்தக் கணினியிலும் இருக்காது.

அப்போதுதான் இன்னொன்றும் வெளிவந்தது. சிலர் வீட்டில் ஒரு மாத மாத்திரை வாங்கிக்கொண்டு, டாக்டரைப் பார்த்து வாங்கினால்தான் மனசு ஆறும் என்று நிலையத்திலும் வாங்கியிருக்கிறார்கள். ஏமாற்ற அல்ல, தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயம். எங்கு வாங்கினாலும் ஒரே நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதுவது என்று வைத்த பிறகு இது அடங்கியது.

யாரை வரிசையிலிருந்து விடுவிப்பது என்பதற்கு வைத்த நிபந்தனைகள்: கடைசி இரண்டு முறையும் பிபி 140/90-க்குக் கீழ், சர்க்கரை அவரது அட்டையில் எழுதிய இலக்குக்குள், மருந்து மாற்றம் எதுவும் இல்லை. இன்சுலின் போடுபவர், காலில் புண் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் மருத்துவரிடமே வர வேண்டும். இது ஒரே நாளில் முடிந்தது.

ஆனால் பிபி அளவே தவறாக இருந்தால் நிபந்தனை வைத்து என்ன பயன்? பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பட்டை கட்டினால் அளவு கூடத்தான் காட்டும். மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டோம். முதல் நாற்காலியிலிருந்து மூன்றாவதுக்கு நகரும்போது ஐந்து நிமிட ஓய்வு தானாகக் கிடைத்துவிடும். கை மேசைமேல், இதய உயரத்தில். கால்மேல் கால் வேண்டாம். அளக்கும்போது பேச்சும் வேண்டாம். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு அதிகமாகவே வரும், ஆகவே பெரிய பட்டை ஒன்றாவது கேட்டு வாங்கி வையுங்கள்.

இதைவிடக் கவலை தந்தது வேறொன்று. "வெறும் வயித்துல வாங்க" என்று சொன்னதைக் கேட்டுப் பலர் அன்று காலை பிரஷர் மாத்திரையையும் போடாமல் வருகிறார்கள். பிபி ஏறியிருக்கும், மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவார், வீட்டுக்குப் போய் வழக்கம்போல் போட்டதும் தலைசுற்றல். பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் வழக்கமான நேரத்தில் போட வேண்டும், சுகர் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு ரத்தம் எடுப்பது காலையின் முதல் வேலையாக இருக்கட்டும். பதினொன்று வரை பசியோடு உட்கார வைக்காதீர்கள்.

இனி அந்த வெறும் வண்டி. பிழை இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் எங்கள் பக்கத்தில்.

ஒன்று, தேவையை முந்தைய ஆண்டு செலவை வைத்துக் கணக்கிட்டது. எளிதாக்கிச் சொன்னால், 400 பேர் தினம் இரண்டு மெட்ஃபார்மின் 500 மி.கி. போட்டால் 30 நாளுக்கு 24,000 மாத்திரை. முந்தைய ஆண்டில் 4 மாதம் சரக்கே இல்லை என்று வைத்துக்கொள்வோம்; மீதி 8 மாதத்தில் 1,92,000 செலவாகியிருக்கும். அதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 16,000 என்று வரும். இல்லாமல் போன மாதங்களையும் சேர்த்து வகுத்தால் தட்டுப்பாடு அடுத்த ஆண்டும் தொடரும். 8-ஆல்தான் வகுக்க வேண்டும். இன்னும் நல்லது, பட்டியலில் உள்ள ஆட்களை எண்ணிப் பெருக்குவது. 15 நாளுக்குக் கொடுத்ததை 30 நாளாக்கினால் ஆண்டுச் செலவு மாறாது. ஆனால் முதல் மாதத்தில் கையில் இருக்க வேண்டிய சரக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதற்கு முன்கூட்டியே கேட்டு வைக்கவில்லை.

இரண்டாவது, துணை சுகாதார நிலையங்களுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பியதைக் கைப்பதிவேட்டில் மட்டும் எழுதியிருந்தோம். கணினியில் 'வழங்கியது' என்று ஏற்றவில்லை. கணினியின் பார்வையில் அந்த மாத்திரை முழுவதும் இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. எனவே "இருப்பு போதும்" என்று வந்த பதில் நியாயமானதே. நியாயமில்லாதது, அதைத் தொலைபேசியில் சொல்லாமல் வண்டி போய் நின்ற பிறகு சொன்னது. திருத்திய கடிதத்தைக் கொண்டுபோன அலுவலகத்தில், மூன்று மாதச் செலவு அறிக்கை இணைக்கவில்லை என்று ஒருமுறை, படிவம் பழையது என்று இன்னொருமுறை திருப்பி அனுப்பினார்கள். போவதற்கு முன் என்னென்ன இணைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினி இருப்பும் அலமாரி இருப்பும் ஒத்துப்போவதை மருந்தாளுநரோடு நின்று எண்ணி, நிலையத்துக்கு மருந்து வாங்க ஒதுக்கிய தொகையைக் காட்டும் பாஸ்புக்கில் மிச்சமுள்ளதையும் பார்த்துவிட்டு வண்டி பிடியுங்கள். மூன்றாவது முறை பெட்டிகள் வந்து இறங்கியபோது மருந்தாளுநர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாள் ஒதுக்கும்போது செவிலியர்களைக் கேட்காமல் அட்டவணை போட்டால் அது சுவரில் மட்டும்தான் இருக்கும். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். இந்த இரண்டையும் தொடாமல், ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் மாதத்தில் மாறாத ஒரு நாள் வைத்தோம். ஊர்க்காரர்கள் தேதியைவிடக் கிழமையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் 'இரண்டாம் வெள்ளி' என்பது போல வையுங்கள்.

பதினொரு மணிக்குப் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. மருத்துவருக்குப் புதிய நோயாளியின் கால் பாதத்தைத் தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கிறது. ஆனால் வரிசை குறைந்ததும், வராமல் போனவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. முன்பு பெஞ்சில் காணாதவரைப் பக்கத்தில் இருப்பவராவது விசாரிப்பார். இப்போது ஒவ்வொரு வழங்கும் நாளுக்கும் மறுநாள், வாங்காதவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதி, ஏழு நாளுக்குள் தன்னார்வலர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திரும்பி வரும் தாளில் ஊருக்குப் போயிருக்கிறார், தனியார் கிளினிக்கில் வாங்குகிறார், நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார், இறந்துவிட்டார் என்று நான்கு கட்டம் வைத்திருக்கிறோம். மூன்றாவது கட்டத்தில் வரும் பெயர்களை அன்றே மருத்துவர் மேசைக்குக் கொண்டுபோகிறோம்.