நுங்கம்பாக்கத்தின் ஜனவரி வாரம்

நம் பழைய மாணவர் சங்க மலரில் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் பேராசிரியர்களைப் பற்றியும் பலர் நிறைவாக எழுதியிருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில், ஆண்டுதோறும் நடந்துவந்த சென்னை ஓபன் டென்னிஸ் போட்டியைப் பற்றி இதுவரை எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. நம் தலைமுறை மாணவர்களில் ஒரு சாராருக்கு அந்தப் போட்டி கல்லூரி வாழ்வின் பிரிக்க முடியாத பகுதியாகவே இருந்தது. அது நின்றுபோனபின் சேர்ந்த மாணவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போட்டி பிறந்தது சென்னையில் அல்ல. 1996இல் புதுதில்லியில் நடந்து, அடுத்த ஆண்டே இங்கு வந்துசேர்ந்தது. 1995ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட புதிய டென்னிஸ் அரங்கம் அப்போது தயாராக இருந்தது. ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டனில் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அரையிறுதி வரை சென்ற நாளிலிருந்தே இந்த ஊருக்கு டென்னிஸ் மீது தனிப் பற்று உண்டு. அமிர்தராஜ் சகோதரர்களும் ரமேஷ் கிருஷ்ணனும் அந்தப் பற்றை அணையாமல் காத்தார்கள். ஆகவே போட்டி இங்கு வேரூன்றியதில் வியப்பில்லை. முதலில் ஏப்ரல் வெயிலில்தான் ஆடினார்கள். அப்படியும் 1998இல் அமெரிக்க ஓபன் சாம்பியன் என்ற தகுதியோடு பாட்ரிக் ராஃப்டர் வந்து பட்டத்தை வென்று சென்றார். அதே ஆண்டுகளில் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இரட்டையர் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வென்றார்கள்.

பின்னர் போட்டி ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியது. மார்கழிக் கச்சேரிகள் ஓயத் தொடங்கிப் பொங்கலுக்கு முன்னதாக வரும் அந்த வாரம்தான் எங்கள் காலத்தில் சென்னை ஓபன் வாரமாக இருந்தது. ஆஸ்திரேலிய ஓபனுக்கு முன் உடலையும் கையையும் பழக்கிக்கொள்ள விரும்பிய ஆட்டக்காரர்களுக்கு அது வசதியாக அமைந்தது. ஆனால் அதே வாரத்தில் தோகாவிலும் ஆஸ்திரேலியாவிலும் போட்டிகள் நடந்ததால், உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்களை இங்கு வரவழைப்பது ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாடாகவே இருந்தது. அதனாலேயே திரும்பத் திரும்ப வந்த சிலரைச் சென்னை தன் பிள்ளைகளைப் போல ஏற்றுக்கொண்டது. தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசபன் 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு முறை இறுதியாட்டத்தில் ஆடி, ஒரு முறை வென்றார். கார்லோஸ் மோயா 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவரையே இறுதியில் தோற்கடித்தார். ஆழிப்பேரலை அடித்து ஒரு வாரம்கூட முழுதாகக் கடந்திராத நிலையில் உலக ஆட்டக்காரர்கள் வந்திறங்கிய அந்த 2005ஆம் ஆண்டில், மோயா தம் பரிசுத் தொகையை நிவாரணத்துக்கு வழங்கினார். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் நேர்ந்ததைக் கண்ணால் கண்டிருந்த எங்களுக்கு அதன்பின் மோயா வெறும் ஸ்பானிய ஆட்டக்காரராக இருக்கவில்லை.

அந்த அரங்கத்தின் அளவைப் பற்றி இங்கு சொல்லியாக வேண்டும். ஆறாயிரம் பேருக்கும் குறைவாகவே அமரக்கூடிய இடம் என்பதால், மலிவான இருக்கையிலிருந்தும் பந்து மட்டையில் படும் ஓசை தெளிவாகக் கேட்கும். தொலைக்காட்சியில் மிதந்து வருவதுபோலத் தெரியும், முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் பந்து, நேரில் பார்க்கும்போது தரையில் குத்தி ஆளின் தோள் உயரத்துக்கு எகிறுவதை அங்குதான் கண்டேன். மாலையில் பனி இறங்கியதும் பந்து கனத்துவிடும். பகலில் அனாயாசமாக எல்லைக்கோட்டைத் தொட்ட அதே வீச்சு, இரவில் ஓர் அடி முன்னதாகவே விழும். பக்கத்து ஆடுகளங்களில் பயிற்சி நடக்கும்போது வேலிக்கு அருகில் நின்றால், பயிற்சியாளர் முணுமுணுப்பதும் காதில் விழும். நம் கல்லூரி அணியில் ஆடிய எனக்கு மூத்த மாணவர் ஒருவர், ஓர் ஆண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்குப் பயிற்சித் துணையாகச் சென்று பந்தடித்துவிட்டு வந்தார். அன்று மாலை விடுதியில் அவர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: வேகம்கூடப் பெரிதில்லை, ஒவ்வொரு பந்தும் அதே ஆழத்தில் வந்து விழுந்துகொண்டே இருந்ததாம். அதற்குப் பிறகு எங்கள் அணியின் பயிற்சி முறையே மாறிப்போனது.

நான் கண்ட ஆட்டங்களில் முதலிடம் 2008ஆம் ஆண்டின் அரையிறுதிக்குத்தான். ரஃபேல் நடாலும் அவருடைய மல்லோர்க்கா தீவைச் சேர்ந்த மூத்தவரான மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடினார்கள். மூன்று செட்டுகளும் 6-6 என்ற சமநிலையைத் தீர்க்கும் டைபிரேக் வரை சென்றன. இரண்டாவது செட்டில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வந்து நடால் வென்றபோது, எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் அரங்கமே இருவருக்கும் எழுந்து நின்றது. மறுநாள் இறுதியாட்டத்தில் அவரால் ஓடக்கூட முடியவில்லை. மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று வென்றார். அந்த இரண்டு நாள்களையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஆட்டம் உடலிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறது என்பது விளங்கும்.

அடுத்த ஆண்டு, தரவரிசையைப் பாராமல் அமைப்பாளர்கள் தரும் நேரடி நுழைவான வைல்டு கார்டு பெற்று உள்ளே வந்த சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதி வரை சென்று மரின் சிலிச்சிடம் தோற்றார். 2014இல் சென்னைப் பையனான ராம்குமார் ராமநாதன் அதே சோம்தேவைத் தோற்கடித்துக் காலிறுதிக்குள் நுழைந்தார். என் கணிப்பில், இந்தப் போட்டியின் உண்மையான பயன் நடாலையும் ராஃப்டரையும் நமக்குக் காட்டியதைவிட, தரவரிசையில் எங்கோ இருந்த உள்ளூர் இளைஞர்களுக்கு ஆண்டுக்கொரு முறை பெரிய கதவைத் திறந்துவிட்டதில்தான் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளைச் சிறிய போட்டிகளில் திரட்ட வேண்டுமானால், மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சொந்தச் செலவில் அலைய வேண்டும்.

வேலை நிமித்தமாக நான் நாட்டை விட்டு வந்தபின் நடந்தவற்றைத் தொலைவிலிருந்தே அறிந்தேன். ஸ்டான் வாவ்ரிங்கா நான்கு முறை இங்கு வென்றார். 2014இல் இங்கிருந்து நேரே மெல்போர்ன் சென்று ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார். வர்தா புயல் மரங்களைச் சாய்த்த மூன்றாவது வாரத்தில், 2017 ஜனவரியில், கடைசிப் போட்டி நடந்தது. ஒற்றையரில் ரொபர்ட்டோ பட்டிஸ்டா அகுட் வென்றார். அவரிடம் தோற்ற டேனில் மெத்வதேவ் பிற்காலத்தில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானார். இரட்டையர் பட்டத்தை ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து வென்றவர், இதே ஊரில் வளர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன்.

அதே ஆண்டில் போட்டி புனே நகருக்கு மாற்றப்பட்டு, மகாராஷ்டிரா ஓபன் என்று பெயரும் மாறியது. கூட்டம் வராததால் சென்னை இதை இழந்துவிட்டது என்று வெளிநாட்டில் நம்மவர் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. போட்டியின் உரிமை ஐஎம்ஜி என்ற விளையாட்டு மேலாண்மை நிறுவனத்திடம் இருந்தது, நம் மாநில டென்னிஸ் சங்கத்திடம் இல்லை. உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் விரும்பும் ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்பதே இந்த விளையாட்டின் ஏற்பாடு. புனேயிலும் அது 2023க்குப் பின் நடக்கவில்லை.

நுங்கம்பாக்கம் அரங்கம் முற்றிலும் வெறுமையாகிவிடவில்லை. 2022 செப்டம்பரில் சென்னை ஓபன் என்ற பெயரிலேயே மகளிர் போட்டி அங்கு நடந்தது. பதினேழு வயதான செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். ஆடவருக்கான சேலஞ்சர் போட்டியும் அங்கு நடந்துவருகிறது. அது ஒரு படி கீழான போட்டிதான் என்றாலும், இன்று வைல்டு கார்டுக்காகக் காத்திருக்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு வீட்டருகே கிடைக்கும் வாய்ப்பு அதுவே. விடுமுறைக்குச் சென்னை செல்லும் சங்கத்தினர் அந்த வாரத்தில் ஊரில் இருக்க நேர்ந்தால், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலையாவது போய் அமர்ந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.