பைக் செயின் என்று சொல்லச் சொன்னார்கள்

2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, எட்டேமுக்கால் மணி இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் 14 பேர் வேலை செய்த ஒரு பிரஸ் ஷாப்பில், தகட்டை அழுத்தி வெட்டி வளைக்கும் 60 டன் பவர் பிரஸ் மெஷினில் பிராக்கெட் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் கிளட்ச் கீ தேய்ந்து போயிருந்தது. ஒரு தடவை மிதித்தால் சில சமயம் ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம், ரெண்டு தடவை இறங்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும்படி இருந்த ஸ்விட்சை, பீஸ் கணக்கு குறைகிறது என்று கழற்றிவிட்டு, கால் பெடல் போட்டிருந்தார்கள். அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போன நேரம் ராம் மறுபடி இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவும் நடுவிரலின் ஒரு கணுவும் போயின.

சூப்பர்வைசர் தன் பைக்கிலேயே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கையைச் சுற்றியிருந்த பனியன் துணி முழுக்க ரத்தம். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "தம்பி, பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. செலவு மொத்தம் முதலாளி பார்த்துக்குவாரு. மெஷின்னு சொன்னா கேஸ் ஆயிடும்ப்பா." அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் அந்த வேலைதான் சோறு. கேஷுவாலிட்டியில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்றதும் அவரே முந்திக்கொண்டு "பைக் செயின் சார்" என்றார். டாக்டர் துணியைப் பிரித்து, நேராக நசுங்கி வெட்டுப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பிரஸ்ஸுல டாக்டர், கம்பெனியில" என்றேன். அவர் எதுவும் பேசாமல் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். ஏ.ஆர். என்பார்கள். வேலையிடத்தில் பவர் பிரஸ்ஸில் அடிபட்டதாகச் சொல்கிறார், நேரம், தேதி. அவ்வளவுதான். பிறகு நான் போன எல்லா ஆபீஸிலும் முதலில் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

எட்டு மாதம் வேலை செய்தும் எனக்கு இ.எஸ்.ஐ. எண், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு எண், கிடையாது. சம்பளம் மாதம் 15,000, ஜிபேயில் வரும். சம்பளச் சீட்டு என்று எதுவும் இல்லை. நஷ்டஈடு கேட்கலாம் என்று முதலில் தொழிலாளர் துறைக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார்: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஃபேக்டரி, சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. சட்டம் தானாகவே பொருந்தும். அது பொருந்தினால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. முதலாளி பதியாமல் விட்டது அவர் குற்றம். அதனால் உங்கள் உரிமை போகாது, பணத்தை இ.எஸ்.ஐ. கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கும். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது, முதல் நாளிலிருந்தே உண்டு. ஒரு மாதம் வீணாக அலைந்த எனக்கு, அன்றைக்குத்தான் வழி தெரிந்தது.

அதற்குள் கம்பெனி என்னை அவசரமாக ஆன்லைனில் பதிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த தேதி என்று போட்டிருந்தது விபத்து நடந்த அதே நாள்! சங்கத்து அண்ணன் ஒருவர் உதவியோடு எட்டு மாத ஜிபே வரவுகளையும், புரொடக்ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நான் போட்ட பீஸ் எண்ணிக்கையையும் பிரிண்ட் எடுத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்காமல், டாங்ஸ் என்ற இடுக்கி இல்லாமல் கையை விட்டான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அதுவும் எடுபடவில்லை. உத்தரவை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்த காரியம் என்றால் அது வேலையில் நேர்ந்த விபத்துதான் என்றது அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51-பி பிரிவு.

தினச் சம்பளம் சராசரி 500 ரூபாய் என்று எடுத்தார்கள். காயம் ஆறும்வரை அதில் 90 சதவீதம், நாளைக்கு 450. அப்புறம் மெடிக்கல் போர்டு, அதாவது ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழு. சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்று கணக்கு உண்டு: ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்கு 11, நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7, மொத்தம் 18 சதவீதம். 450-இல் 18 சதவீதம், நாளைக்கு 81 ரூபாய். மாதம் கிட்டத்தட்ட 2,430, ஆயுள் முழுக்க. போர்டு முன்னால் மேஜைமேல் கையை விரித்து வைத்தபோது, இல்லாத விரல் நுனி அரித்தது.

ஆனால் மெஷின்? அடுத்த ஷிப்டில் வேறு பையன் அதே பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதி, ஏ.ஆர். நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பாதுகாப்பில்லாத மெஷினை ஓட்டிய குற்றத்துக்கு அப்போதைய சட்டப்படி தொழிலாளி நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. இன்ஸ்பெக்டர்தான் புகார் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது, அதுவும் அவருக்குத் தெரியவந்த 3 மாதத்துக்குள். ரெண்டு வாரத்தில் வந்தார். அன்றைக்குக் காலையில்தான் பிரஸ்ஸுக்குப் புது சென்சார் மாட்டியிருந்தார்களாம், மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை என்று உள்ளே இருந்த நண்பன் சொன்னான். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், அதையும் கொடுக்கவில்லை. வழக்கு நடந்தது, அபராதம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் எனக்கு எதுவும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. பெடலைக் கழற்றி ஸ்விட்சை மறுபடி மாட்டினார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் இனி அது ஃபேக்டரி, முன்பு 10. இ.எஸ்.ஐ.க்கு 10 என்பது அப்படியே இருக்கிறது. எங்கள் 14 பேர் ஷாப்பை நினைத்தால் எனக்கு இது சரியாகப் படவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்கு விரல் நுனி போனது. கிளினிக்கில் கதவு இடுக்கில் நசுங்கியது என்று சொல்லிவிட்டான். பயந்துவிட்டான், பாவம், வயது 20. அவன் ஜிபே வரவுகளைத்தான் இப்போது தேதிவாரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.