சாம்பல் நீரில் வெந்த சோளம்

வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்வாய் மக்களின் பெண்கள் ஏர் பூட்டாமலே விளைவித்தார்கள். மண்ணைக் குவித்து மேடாக்கி, மேட்டுக்கு நாலைந்து மக்காச்சோள விதை. பயிர் ஒரு சாண் எழும்பிய பிறகுதான் பீன்ஸ். நுட்பமே இந்தக் காத்திருப்பில்தான். ஒன்றாக விதைத்தால் கொடி முந்திக்கொண்டு இளந்தட்டையைச் சாய்த்துவிடும். இடையில் பூசணி, அகன்ற இலை களையை அமுக்கும், ஈரம் காக்கும்.

முற்றிய மக்காச்சோளத்தை விறகுச் சாம்பல் நீரில் வேகவைத்து, தோல் கழன்றதும் கூடையிலிட்டு அலசுவார்கள். அப்போதுதான் அதிலுள்ள நயாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே நம்பியிருந்த ஏழைகளுக்கு நயாசின் குறைவால் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779-ல், தலைமைத் தளபதி வாஷிங்டன் உத்தரவில் தளபதி சல்லிவனின் படை இரோக்வாய்களின் 40 ஊர்களையும் விளைந்து நின்ற வயல்களையும் எரித்தது. அந்தக் கடுங்குளிரில் ஆங்கிலேயரின் நயாகரா கோட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் பசியோடு கிடந்தார்கள்.