எந்த விலையிலிருந்து எத்தனை விழுக்காடு?

மலேசியப் புள்ளிவிவரத் துறை குடும்பங்கள் வாங்கும் பொருள், சேவைகளின் விலையை ஒட்டுமொத்தமாக அளக்கும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை மாதந்தோறும் வெளியிடும்போது, எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மறுநாள் அது நாளிதழின் தலைப்பாகும்போது ஒப்பீடு கழன்றுபோய், விழுக்காடு மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் தலைப்பை நம்பித்தான் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் வாக்குவாதமே தொடங்குகிறது. “பேப்பர்ல விலை இறங்கிடுச்சுன்னு போட்டிருக்கு, நீங்க மட்டும் ஏன் அண்ணே இறக்க மாட்டேங்கறீங்க?” என்று செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் கேட்டபோது, கடைக்காரரிடம் பதில் இல்லை. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைப்பை எழுதியவர்தான்.

இந்தக் குறியீடு ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட எத்தனை விழுக்காடு ஏறியது என்பதே பணவீக்கம். நாட்டின் பணவீக்கம் 2022இல் 3.3 விழுக்காடு, 2023இல் 2.5, 2024இல் 1.8. எண்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருவதால், விலைவாசியும் குறைந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் 2021இல் 100 ரிங்கிட்டுக்கு வாங்கிய அதே பொருள்களுக்கு, இந்த மூன்று ஆண்டு உயர்வும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 2024இல் ஏறத்தாழ 107 ரிங்கிட் 80 சென் கொடுக்க வேண்டியிருந்தது. குறைந்தது ஏறும் வேகம்தான். விலை ஓராண்டும் இறங்கவில்லை.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. அதைப் பிழை என்று யாரும் சுட்டிக்காட்டுவதுகூட இல்லை. ஏப்ரல் 2021இல் பணவீக்கம் 4.7 விழுக்காடு. ஆகஸ்ட் 2022இலும் அதே 4.7. இரண்டையும் ஒரே அளவு நெருக்கடியாக எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார். ஏப்ரல் 2021க்கு முந்தைய ஏப்ரல், கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் தொடக்க மாதங்களில் ஒன்று. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து, ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 25 சென்னுக்கு வந்திருந்தது. குறியீடும் அந்த மாதம் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 2.9 விழுக்காடு இறங்கியிருந்தது. அப்படிப் பள்ளத்தில் கிடந்த எண்ணோடு ஒப்பிட்டதால்தான் 4.7 என்ற ஏற்றம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏப்ரல் 2019இல் 100 ரிங்கிட்டாக இருந்த செலவு ஏப்ரல் 2021இல் 101 ரிங்கிட் 70 சென்னுக்கு அருகில்தான் நின்றது. ஆகஸ்ட் 2022இன் கதை வேறு. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே 2 விழுக்காடு ஏறியிருந்ததால், அங்கே இரண்டாண்டு உயர்வு 6.8 விழுக்காட்டைத் தொடுகிறது. தலைப்பில் அச்சான எண் ஒன்றே. குடும்பங்கள் சுமந்த பாரமோ நான்கு மடங்கு வேறுபட்டது.

அந்தப் பெட்ரோல் விலையே ஒரு நல்ல கணக்குப் பாடம். 2020இன் தொடக்கத்தில் 2.08 ஆக இருந்தது 1.25க்கு இறங்கியது 40 விழுக்காட்டு வீழ்ச்சி. அதுவே 2021இல் 2.05க்குத் திரும்பியது 64 விழுக்காட்டு ஏற்றம். அப்போது புறப்பட்ட இடத்தைவிட 3 சென் கீழேதான் நின்றது என்றாலும், இந்த 64ஐ மட்டும் எடுத்துத் தலைப்பாக்கினால் பற்றியெரியும்.

டீசலில் நடக்கும் தவறு வகுக்கும் எண்ணைப் பற்றியது. 10 ஜூன் 2024 அன்று தீபகற்பத்தில் லிட்டருக்கு 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. கூடுதலான 1.20ஐப் பழைய விலையால் வகுத்தால் 55.8 விழுக்காடு, புதிய விலையால் வகுப்பவருக்கு 35.8 கிடைக்கும். கடைசி இலக்கங்கள் ஒன்றாக இருப்பதால், அச்சுப்பிழை என்றுகூட நினைக்கத் தோன்றும்.

சேவை வரி 1 மார்ச் 2024 முதல் பல சேவைகளுக்கு 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அது 2 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு. வரித்தொகை 33 விழுக்காடு கூடியது. 100 ரிங்கிட் சேவைக்கு 106 கொடுத்தவர் 108 கொடுப்பதால், அவருடைய மொத்தச் செலவு ஏறியதோ 1.9 விழுக்காடு. மூன்றும் சரியான எண்களே. ஆனால் வரியை எதிர்ப்பவர் 33ஐயும் ஆதரிப்பவர் 1.9ஐயும் எடுத்துக்கொள்ளும்போது, செய்தியாளர் இருவர் சொன்னதையும் அப்படியே அச்சிட்டுவிட்டு நடுநிலை காத்ததாக எண்ணிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோட்டப்புறத்தில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது குறைந்தபட்சச் சம்பளம்தான். விலை ஏற்றத்தை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மே 2022இல் அது 1,500 ரிங்கிட் ஆனபோது பொதுவாகச் சொல்லப்பட்ட உயர்வு 25 விழுக்காடு. அது, மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் அதுவரை இருந்த 1,200ஐ அடியாக வைத்துப் போட்ட கணக்கு. மற்ற இடங்களில் முந்தைய சம்பளம் 1,100. அங்கே உயர்வு 36.4 விழுக்காடு. பின்னர் பிப்ரவரி 2025இல் 1,700 ஆனதையும் சேர்க்கும்போது, 25ஐயும், 1,500ஐ அடியாக வைத்து வரும் 13.3ஐயும் கூட்டி 38.3 என்று போடுகிறார்கள். பழைய 1,200இலிருந்து கணக்கிட்டால் 41.7 வரும், 1,100 வாங்கியவருக்கு 54.5.