கிலோமீட்டர் கணக்கில் வாங்கிய சாலை

"இந்த வண்டியில் இன்னும் இருநூற்று எண்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது, அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று, நியூசிலாந்தில் டார்ஃபீல்டு என்ற ஊருக்கு அப்பால் ஒரு பண்ணை வாசலில் நின்றபடி அந்தப் பெரியவர் சொன்னார். டேங்கில் கிடக்கும் டீசலைத்தான் சொல்கிறார் போலும் என்று எண்ணி, நம் ஊர் வழக்கப்படி பெருந்தன்மைக்கு நன்றி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, முன்கண்ணாடியில் செருகியிருந்த ஒரு சீட்டைக் காட்டினார். அதில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண் வரைக்கும்தான் இந்த வண்டி சாலையில் ஓட உரிமை பெற்றிருக்கிறது என்றும், அதற்கு மேல் ஓட வேண்டுமானால் சாலையை அரசாங்கத்திடம் ஆயிரம் கிலோமீட்டர் ஆயிரம் கிலோமீட்டராக முன்பணம் கட்டி வாங்க வேண்டும் என்றும் விளக்கினார்.

நியூசிலாந்துக்கு வந்தவுடன் பம்பில் பெட்ரோலைவிட டீசல் அவ்வளவு மலிவாக இருப்பதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி அந்த வாசலிலேயே வடிந்துபோயிற்று. இங்கே பெட்ரோல் போடுகிறவர்கள் சாலைக்கான வரியை லிட்டருக்கு ஏறத்தாழ 70 சென்ட் என்ற அளவில் பம்பிலேயே கட்டிவிடுகிறார்கள். டீசலில் அந்த வரி இல்லை. டிராக்டருக்கும் மீன்பிடிப் படகுக்கும் ஜெனரேட்டருக்கும் அதே டீசல்தான் போகிறது. சாலைக்கே வராத இயந்திரத்திடம் சாலை வரி கேட்பது முறையாகாது என்ற நியாயத்தில், 1978 முதல் டீசல் வண்டிகளிடம் ஓடிய தூரத்துக்கு வரி வாங்குகிறார்கள். மூன்றரை டன் வரையுள்ள வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர். நியாயம் என்னவோ நியாயம்தான். ஆனால் நியாயமாக இருக்கும் வரிதான் அதிகம் உறுத்துகிறது. குறை சொல்லவும் வழியில்லாமல் போய்விடுகிறது அல்லவா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தாய்மாமாவிடம் அன்றிரவே இதைச் சொன்னேன். அவர் வாழ்நாளில் பாதியை மஹிந்திரா ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்தே கழித்தவர். சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஏ மருமவனே, அப்ப ரிவர்ஸ்ல ஓட்டினா துட்டைத் திருப்பித் தருவானா?" என்று கேட்டார். நம் பக்கத்தில் சொந்த உபயோகக் காருக்கு ஆயுட்கால வரியை ஒரே தடவையில் கட்டிவிட்டால், அதன்பின் நாங்குநேரியிலும் கயத்தாறிலும் டோல்கேட்டில் முணுமுணுப்பதோடு விவகாரம் முடிந்தது. துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிற வழியில் சித்தியையும் எட்டிப் பார்த்து, அங்கிருந்து ஒரு கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டு, அப்படியே நவதிருப்பதியில் ஒன்றிரண்டு கோயிலையும் சேவித்து வருவதுதான் எங்கள் வீட்டுப் பயணங்களின் அமைப்பு. அவற்றின் தூரத்தை யாரும் அளந்ததில்லை. இப்போது என் மனம் தானாக அளக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்: நான்கு டாலர் 18 சென்ட். திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குப் போய்க் குளித்துத் திரும்ப ஏறத்தாழ 120: ஒன்பது டாலருக்குச் சற்று மேல், டீசலும் சாப்பாடும் தனி.

வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் ஜப்பானில் செய்யப்பட்ட டொயோட்டா பிராடோ, மூன்று லிட்டர் டர்போ டீசல், நான்கு சக்கரமும் இழுப்பது. மாமா வீடியோ அழைப்பில் இருந்துகொண்டு என்னை வேலை வாங்கினார். பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அப்படியானால் குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதை மறைக்கிறார்கள் என்று பொருள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா பார். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் புகை குபுகுபுவென்று வருகிறதா பார். கதவுகளை விரல் முட்டியால் தட்டு. பட்டி பார்த்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். நான் பண்ணை நடுவில் குனிந்து நிமிர்ந்து தட்டிக்கொண்டிருந்ததை அந்தப் பெரியவர் மரியாதையோடு வேடிக்கை பார்த்தார். பிறகு அவரே தரையில் படுத்து, அடிச்சட்டத்தில் துரு தொடங்கியிருந்த இடத்தைக் கைவிளக்கடித்துக் காட்டினார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. விற்கிறவர் குறை சொல்லுவதும் வாங்குகிறவன் பரவாயில்லை என்று தேற்றுவதும் எந்த ஊர் வியாபாரம்? எங்கள் பக்கம் பழைய வண்டி என்றால் அது ஒரு டாக்டர் ஓட்டியதாக இருக்கும். அவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியதாக இருக்கும். புரோக்கர் அண்ணாச்சி இரு தரப்பையும் தனித்தனியே ஓரங்கட்டிக் காதில் பேசி, டீக்கடையில் வைத்து விலையை முடித்து, இரு கையிலும் கமிஷன் வாங்கிப் போவார். இங்கே புரோக்கரும் இல்லை, ஆர்.சி. புத்தகமும் இல்லை, உரிமை மாற்றம் ஓட்டுநர் உரிமத்தை வைத்து இணையத்திலேயே சில நிமிடங்களில் நடந்தேறியது. வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்பதையும் ஓர் அரசுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் ஒழுங்காக நடந்ததில், ஏதோ முக்கியமான சடங்கு விட்டுப்போன கல்யாணத்திலிருந்து திரும்புவதுபோல நான் வீடு திரும்பினேன்.

சடங்கை மனைவி விடவில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் பறித்த நான்கு எலுமிச்சைகளைச் சக்கரங்களுக்குக் கீழே வைத்து, எங்கள் பக்கத்துத் தெய்வமான வண்டி மறிச்சம்மனை வேண்டிக்கொண்டு முன்னால் நகர்த்தச் சொன்னாள். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல் மிகப் பணிவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிற்று. ஜப்பான் நெடுஞ்சாலைகளின் சுங்க அட்டையைச் செருகவில்லை என்று அந்தக் கருவி நினைவூட்டுகிறதாம். அந்தச் சாலைகளை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகளான பிறகும் அது ஒவ்வொரு காலையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கழற்றி எறிய மனம் வரவில்லை. ரேடியோவும் அப்படித்தான், ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்குவதால், 90க்கு மேல் உள்ள இந்த ஊர் நிலையங்கள் எதுவும் அதன் காதில் விழுவதில்லை.

2000ஆம் ஆண்டு ஜனவரிக்கு முன் பதிவான வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை உண்டு. பிரேக், விளக்கு, துரு எல்லாவற்றையும் பார்ப்பதோடு டயரின் பள்ளம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கருவி வைத்து அளக்கிறார்கள். எஃப்.சி.க்கு முதல் நாள் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டும் கலை இங்கே வளரவில்லை. குளிர்காலக் காலைகளில் இன்ஜினை முன்கூட்டிச் சூடேற்றும் கிளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால் குளிர்காலத்துக்கென்று வேறு பக்குவத்தில் டீசல் விற்கிறார்கள். ஜீப்பை இறக்கத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் உருளவிட்டு இரண்டாம் கியரில் பிடிக்கவைக்கும் மாமாவுக்கு டீசல் உறையும் என்பதை நம்பவைக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சீட்டை மறக்கச் செய்வது ஒரே ஒரு சாலைதான். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்கே 73ஆம் எண் நெடுஞ்சாலையில் போர்ட்டர்ஸ் கணவாய் ஏறி இறங்கி, 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆர்தர்ஸ் கணவாயைத் தாண்டினால், காய்ந்து பழுத்த புல்வெளிகள் பின்னே போய், ஒட்டிராப் பள்ளத்தாக்கில் மழையும் பாசியும் அருவியுமாக உலகமே மாறிவிடுகிறது. மேலைக் கடலிலிருந்து வரும் காற்று மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் சமவெளியில் இறங்குகிறது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆனி ஆடியில் கேரளம் நனைய, நமக்குச் சாரலும் காற்றும் மட்டும் வந்து சேரும். நான் முதல் தடவை அந்த இறக்கத்தில் வண்டியைக் கீழ் கியருக்கு மாற்றியபோது, இடப்பக்கம் பரோட்டாக் கடை வந்துவிடும் என்று கண் தேடியது. ஹோக்கிடிக்கா வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர், போகவர 38 டாலர். அந்த ஒரு செலவை மட்டும் நான் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த ஊரில் நிலைபெற்றுவிட்டேன் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டப் பழகிவிட்டேன். திசையன்விளைத் தேரி மணலில் மாமா செய்ததும் அதுதான். சாலையை மூவாயிரம் கிலோமீட்டராகச் சேர்த்து வாங்கும் துணிவும் வந்துவிட்டது.

சென்ற வாரம் மாமா அழைத்தார். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம், குத்தகை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போதே 2024இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் பலரும் இறங்கிவிட்ட பிறகு, மணிமுத்தாறு செக்போஸ்ட் வழியாக நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளுக்கு அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்புக்காரர்களுக்கு ஏற்ற ஆளில்லை. "பழைய ஜீப் ஒண்ணு விலைக்கு வருது. டி.என். 72. அடியில துரு இல்ல, நானே படுத்துப் பாத்தேன். நீ இங்க வந்து ஓட்டுறதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். நான் இப்போதைக்கு வருவதாக இல்லையே என்றேன். "வண்டிக்காரன் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பான்" என்றார்.

வியாழக்கிழமை முன்பணம் அனுப்பிவிட்டேன்.