சொல்லுக்குக் கீழே ஒரு சாட்சி

ஆங்கில அகராதியில் புதிதாகச் சேர்ந்த சொற்களின் பட்டியல் செய்தியில் வந்ததுமே, 'இதெல்லாம் ஒரு சொல்லா?' என்று ஒரு கூட்டம் தலையில் அடித்துக்கொள்கிறது. எனக்கு அந்தக் கோபம் வந்ததே இல்லை. மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அகராதி எப்போதும் மேசைமேல்தான் கிடக்கும். ஒரு சொல்லைத் தேடிப்போனால், பொருளோடு நிறுத்தாமல் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மேற்கோள்களையும் வாசித்துவிட்டுத்தான் நகர்வேன். சுவையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

2011இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ஓ.எம்.ஜி.'யைச் சேர்த்தது. செல்போன் பிள்ளைகளின் கொச்சைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் வருத்தப்பட்டார்கள். அந்தப் பதிவின் முதல் மேற்கோளைப் பாருங்கள்: 1917. பிரிட்டிஷ் கடற்படையின் மூத்த தளபதி ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதம். புதிதாக ஒரு பட்டம் வரப்போகிறதாம், அதன் பெயர் ஓ.எம்.ஜி. என்று கேலியாக எழுதி, பக்கத்திலேயே 'ஓ மை காட்' என்று விரித்தும் காட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மேற்கோளைச் சாட்சியாக வைக்கும் இந்த முறைக்கு உயிர் கொடுத்தவர், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே. 1879இல் பொறுப்பேற்றதும், புத்தகம் வாசிக்கிற எல்லோரையும் உதவிக்கு அழைத்தார். ஒரு சிறு சீட்டில் சொல், அது வந்த வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு. அவ்வளவுதான் அவர் கேட்டது. சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் பான்பரி சாலையில் அவர் வீட்டு வாசலிலேயே அஞ்சல் துறை ஒரு தபால்பெட்டியை நட்டுக்கொடுத்தது. முதல் பகுதி 1884இல் வந்தது, கடைசிப் பகுதி 1928இல். முர்ரே 1915லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சீட்டு தொலைந்தால் சொல்லும் தொலையும். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' பைபிளிலேயே இருக்கிற பழைய சொல். அதன் சீட்டுகள் எங்கோ தவறிப்போனதால் அச்சான தொகுதியில் அது இல்லை. 1933 பிற்சேர்க்கையில்தான் இடம் கிடைத்தது.

'அப்பெண்டிசைட்டிஸ்' கதை வேறு. வெறும் மருத்துவக் கலைச்சொல் என்று முர்ரே அதை விட்டுவிட்டார். 1902 ஜூனில், முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அதே நோய்க்காக அறுவை சிகிச்சை நடந்து, விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஊர் முழுக்க அந்தச் சொல்தான். அகராதியில் மட்டும் இல்லை. முர்ரே மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதில் அவர் செய்தது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1934இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' (dord) என்று ஒரு சொல்; பொருள், அடர்த்தி. அப்படி ஒரு சொல்லை யாருமே சொன்னதில்லை. அடர்த்திக்குச் சுருக்கமாகப் பெரிய 'டி'யையோ சிறிய 'டி'யையோ போடலாம் என்று வேதியியல் ஆசிரியர் சீட்டு எழுதியிருந்தார். தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது அங்கே வழக்கம். அந்தப் பழக்கத்தில், நடுவிலிருந்த 'ஆர்' (or, அதாவது 'அல்லது') என்ற இணைப்புச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்துவிட்டார்கள். சுருக்கங்களோடு போகவேண்டிய சீட்டு சொற்களோடு போனது, உச்சரிப்பும் கொடுத்தாயிற்று. எத்தனை கண்கள் தாண்டிப் போயிருக்கும்! 1939 பிப்ரவரியில் ஓர் ஆசிரியர், இதற்கு மட்டும் ஏன் சொற்பிறப்புக் குறிப்பு இல்லை என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் இன்றைக்கும் இன்னும் பழைய மேற்கோள் கிடைத்தால் அனுப்பச் சொல்கிறார்கள். பழைய ஆங்கில இதழ்களையும் கடிதத் தொகுப்புகளையும் புரட்டும்போது நான் ஒரு கண் வைத்துத்தான் இருக்கிறேன். வெள்ளைக்காரர் வாயில் 'மல்லிகடானி' ஆகிப்போன நம் மிளகுத்தண்ணிக்கு, அவர்களிடம் இருப்பதைவிட ஒரு வருஷமாவது முந்திய வரி கண்ணில் பட்டால், அன்றைக்கே எழுதிப் போட்டுவிடுவேன்.