மாமாவோட ஆர்எக்ஸ் 100, வெள்ளத்துல இருந்து எஃப்சி வரைக்கும்

2024 ஜனவரி 28

இன்னைக்குதான் வண்டிய தொழுவத்துல இருந்து வெளிய இழுத்தோம். டிசம்பர் 17, 18 ரெண்டு நாள் பெஞ்ச மழைய எங்க தூத்துக்குடிப் பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரைய மீறி மாமா ஊரு ஏரலுக்குள்ள வந்தப்போ மாமா வீட்டுல எல்லாரும் மாடிக்கு ஓடிட்டாங்க, வண்டி கீழயே ஹேண்டில்பார் வரைக்கும் முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு வீட்ட கழுவவே ஒரு மாசம் ஆயிட்டு, வண்டிய யாரு பாக்க.

காயலாங்கடைக்காரர் வந்து வெல கேட்டிருக்கார். மாமா ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்களாம். அத்தை போன் பண்ணி "நீ ஒருக்கா வந்து பாத்துட்டு போயேன்"னாங்க, அதான் வந்தேன்.

1993 மாடல் யமஹா பைக். இந்த வண்டிலதான் மாமா விடியக்காலைல வாழை இலைக் கட்ட பின்னாடி வச்சு கட்டி சந்தைக்கு போவாங்க. நான் சைக்கிள் ஓட்ட பழகுறதுக்கு முன்னாடியே இதோட டேங்க் மேல உக்காந்து போயிருக்கேன். இத எடைக்குப் போட விட மாட்டேன்.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன், வெள்ளத்துல முங்குன வண்டிய கிக் அடிச்சு பாக்காதீங்க. உள்ள தண்ணி நின்னுச்சுன்னா பிஸ்டன் அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்க கழட்டி வண்டிய சாச்சோம், மொதல்ல தண்ணி, அப்புறம் சேறு. கியர் ஆயில் பால் ஊத்துன டீ கலர்ல வந்துச்சு.

பிப்ரவரி 11

இன்ஜின் பிரிச்சாச்சு. கிராங்க் பேரிங் ரெண்டும் துரு, கனெக்டிங் ராடு கிட் புதுசு போட்டு திருநெல்வேலில லேத்துல பிரஸ் பண்ணி வாங்கிட்டு வந்தோம். சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடுற உள்சுவர்) தப்பிச்சிட்டு. பெட்ரோலோட சேந்து எரியிற டூடி ஆயில் டேங்க்லயும் தண்ணி பூந்திருந்துச்சு, பம்ப், டியூப் எல்லாத்தையும் கழுவி காய வச்சோம். ஆயில் போகாம ஓட்டுனா கொஞ்ச தூரத்துலயே பிஸ்டன் புடிச்சிக்கும்.

பிப்ரவரி 25

ஸ்டார்ட் ஆயிட்டு! நாலாவது கிக்ல. மாமா தோட்டத்துல இருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க, செருப்பு கூட போடல.

ஆனா நான் கவலப்படுறது பிரேக்குக்கு. முன்னாடி சக்கரத்த கழட்டி டிரம்ம தொறந்தா உள்ள வண்டல் காஞ்சு பானை ஓடு மாதிரி ஒட்டி இருக்கு, ஸ்க்ரூ டிரைவர வச்சு சுரண்டுனா சில்லு சில்லா விழுது. பிரேக் ஷூவ எடுத்து கைல லேசா தட்டுனேன், லைனிங் அப்படியே தனியா கழண்டு வந்துட்டு. வெளிய இருந்து பாத்தா லிவர் இழுக்குது, கேபிள் இழுக்குது, எல்லாம் சரியா இருக்க மாதிரிதான் தெரியும். இப்படியே ஓட்டிட்டு போயி பஸ்ஸுக்கு முன்னாடி பிரேக்க புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு கொஞ்ச நேரம் அந்த லைனிங்கயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஷூ ரெண்டு செட்டும் புதுசு, ஷூவ விரிக்கிற கேம் பின் துரு புடிச்சு திரும்பாம கெடந்துச்சு, அத டீசல்ல ஊறப்போட்டு தேச்சு கிரீஸ் வச்சோம், வீல் பேரிங் நாலும் மாத்தியாச்சு. வெள்ளத்துல கெடந்த வண்டி வச்சிருக்கவங்க இன்ஜின் ஓடுதுன்னு சந்தோஷப்பட்டு ரோட்டுல எறங்கிடாதீங்க, மொதல்ல டிரம்ம தொறந்து பாருங்க.

மார்ச் 6

இனி பேப்பர் வேல. ஆர்சி புக்க அத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அரிசி டப்பாக்குள்ள வச்சிருந்தாங்க, மாடிக்கு ஓடும்போது அந்த டப்பாவையும் சேத்து தூக்கிட்டு போனதால தப்பிச்சது. தொறந்து பாத்தா ரெஜிஸ்ட்ரேஷன் போன வருஷம் ஜூன் மாசமே முடிஞ்சிருக்கு, மாமா கவனிக்கல. சொந்த வண்டின்னா மொதல்ல 15 வருஷம், அதுக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் வண்டிய கொண்டு போயி ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர்ட்ட காட்டணும். இதத்தான் எல்லாரும் எஃப்சின்னு சொல்றோம்.

பாரம் 25, 2024 கணக்குல கட்டணம் 1000 ரூபா, தாமதத்துக்கு மாசத்துக்கு 300 ரூபா, அப்புறம் பசுமை வரி. இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டோம், 75ல இருந்து 150 சிசி வரைக்கும் 714 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஒருத்தர் வந்து வண்டியே கொண்டு வர வேண்டாம், நான் முடிச்சு தாரேன், இவ்வளவு குடுங்கன்னாரு. மாமா யோசிச்சாங்க, நான் வேண்டாம்னுட்டேன். முங்கி எந்திரிச்ச வண்டி மாமா, வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணால பாத்து சொல்லட்டும், அது நமக்குத்தான் நல்லதுன்னேன்.

மார்ச் 12

பொகை டெஸ்ட்ல பெயில். பெட்ரோலோட ஆயிலும் எரியிற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இங்கதான் சிக்கலே. 2000 மார்ச்சுக்கு முன்னாடி வந்த டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரைக்கும் விடுவாங்க. நமக்கு ஹைட்ரோகார்பன் 11,000த்த தாண்டிட்டு. சைலன்சர் உள்குழாய உருவி பாத்தா முப்பது வருஷக் கரியோட சேறும் சேந்து அடச்சு கெடக்கு, தீயில போட்டு எரிச்சு கம்பி பிரஷ்ல தேச்சோம். ஏர் பில்டர் புதுசு, ஆயில் பம்ப் கேபிள குறிக்கு நேரா வச்சு டியூன் பண்ணுனோம். சாயங்காலம் திரும்ப போனா 6,400. சர்டிபிகேட் வாங்கியாச்சு.

மார்ச் 21

ஆர்சி உயிரோட இல்லாததால வண்டிய ரோட்டுல ஓட்டாம குட்டி யானைல ஏத்திக்கிட்டு ஆர்டிஓ ஆபீஸ் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல பொறுமையான மனுஷன், ஹார்ன், இண்டிகேட்டர், கண்ணாடி, சேலை கார்டு, பின்னாடி உக்காறவங்க புடிக்கிற புடி, நம்பர் பிளேட்ல எழுத்து அளவு வரைக்கும் ஒவ்வொண்ணா பாத்தாரு, தானே ஏறி மைதானத்துல ஒரு ரவுண்டு போயி சடார்னு பிரேக் புடிச்சாரு. வண்டி நேரா நின்னுச்சு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

ஆனா ரெண்டு விஷயத்துல நிறுத்திட்டாரு. ஒண்ணு, பின் பிரேக்க மிதிச்சா ஸ்டாப் லைட் எரியல. காலைல வீட்டுல எரிஞ்சுது, குட்டி யானைல வந்த குலுக்கல்ல போயிருக்கு. "பிரேக் நல்லா புடிக்குதுங்க, ஆனா நீங்க நிக்கப்போறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்கு தெரியணும்ல"ன்னாரு. ரெண்டாவது, பிரேம்ல பஞ்ச் பண்ணியிருக்க சேஸ் நம்பர். பேப்பர வச்சு பென்சில்ல தேச்சா கடைசி ரெண்டு நம்பர் விழவே இல்ல, பெயின்ட்டும் துருவும் மூடிட்டு. சரி பண்ணிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. வருத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா அவர் சொன்னதுல ஒரு வார்த்த கூட தப்பில்ல.

மார்ச் 24

சேஸ் நம்பர்ல உப்புத்தாளோ கிரைண்டரோ வச்சிடாதீங்க, பஞ்ச் தேஞ்சா நம்பர மாத்திட்டான்னு சந்தேகம் வரும், அப்புறம் அலைச்சல் வேற மாதிரி. பெயின்ட் ரிமூவர பஞ்சுல நனச்சு ஹேண்டிலுக்கு கீழ அந்த எடத்துல கால் மணி நேரம் வச்சு, பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேச்சோம். பச்சை பெயின்ட் ஒரு அடுக்கு, அதுக்கு கீழ கறுப்பு, அதுக்கும் கீழ வெறும் இரும்பு, அதுல நம்பர் முழுசா. மாமா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஆர்சி புக்க பாத்து ஒவ்வொரு எண்ணா வாசிச்சாங்க, நான் விரல வச்சு சரி பாத்தேன். பென்சில் பிரிண்ட் ரெண்டு எடுத்து வச்சாச்சு.

ஸ்டாப் லைட்டுக்கு சுவிட்சுதான் காரணம், உள்ள வண்டல் இருந்ததால எரியிறதும் அணையிறதுமா இருந்திருக்கு. புதுசு மாட்டி வயரையும் புதுசா இழுத்தேன். அம்பது தடவ மிதிக்க சொல்லி பின்னாடி நின்னு எண்ணுனேன், அம்பதும் எரிஞ்சுது.

ஏப்ரல் 2

பாஸ்! அஞ்சு நிமிஷம் கூட ஆகல. மொதல்ல பிரேக்க மிதிச்சு லைட்டத்தான் பாத்தாரு.

ஏப்ரல் 13

ஆர்சி கார்டு இப்பல்லாம் ஆபீஸ்ல கைல தர்றதில்ல, ஸ்பீட் போஸ்ட்லதான் வருது. நேத்து வந்துட்டுன்னு அத்தை போன் பண்ணாங்க, இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே ஏரல் போயிட்டேன். மாமா இலைக் கட்ட வச்சு கட்டிட்டு ரெடியா நின்னாங்க. "மருமவனே, நீ பின்னாலயே வா, லைட்டு எரியுதான்னு பாரு"ன்னாங்க. சந்தை வரைக்கும் என் வண்டில பின்னாடியே போனேன், இன்னும் இருட்டுதான். ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி ஸ்பீட் பிரேக்கர்ல செவப்பா எரிஞ்சுது. வளைவுல எரிஞ்சுது. பால்காரருக்கு வழி விடும்போது எரிஞ்சுது.